ஆல்டோ வாட்டர் பம்ப்: வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

#1 மதகடி (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். வண்டி 2009 ஆல்டோ, பெட்ரோல், 94,000 கிலோமீட்டர் ஓடியது. போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். அந்த கேட்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கூட்ஸ் போனது, எஞ்சின் மட்டும் திரும்பி வந்தது, அப்புறம் ஒரு பாசஞ்சர். வெயிலுக்குப் பயந்து ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட் திறந்து இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஓரம் கட்டி ஒரு மணி நேரம் காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே தெரியவில்லை. அடிபம்பில் பிடித்து ஊற்றியதில் ஒன்றரை லிட்டர் குடித்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில், பெல்ட் பக்கம், சட்டி அளவுக்கு ஈரம்.

தெரிந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போச்சு, மூணு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார். எங்கள் வீட்டில் ஆயில் எஞ்சின் முதல் போர் மோட்டார் வரை நான்தான் பிரித்துப் பூட்டுவேன். கார் எஞ்சினை மட்டும் இதுவரை தொட்டதில்லை. இதை வீட்டு வாசலில் செய்ய முடியுமா? நாற்றங்கால் வேலை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் எனக்கு வண்டியைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

#2 பட்டறைக்காரன் (தஞ்சாவூர்)

பம்ப் இருக்கட்டும். எஞ்சின் வெந்துபோயிற்றா என்பதை முதலில் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. சைலன்சரில் வெள்ளைப் புகை, தித்திப்பு வாசனையோடு வந்தாலும் அதேதான். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகப்படுங்கள். ஓடும்போதே ஏறினால் தண்ணீர் குறைவு, பம்ப், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), ரேடியேட்டர் அடைப்பு, இந்த நாலில் ஒன்று. உங்களுக்கு ஓட்டத்தில் ஏறியிருக்கிறது.

#3 அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

ஈரம் பெல்ட் பக்கம் என்பதாலேயே பம்ப் என்று முடிவு கட்ட வேண்டாம். என் ஆல்டோவிலும் அப்படித்தான் நினைத்தேன், கடைசியில் கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. காற்று எதிரில் அடிப்பதால் ஒழுகல் எங்கேயோ தொடங்கி எங்கேயோ சொட்டும். காய்ந்த தடத்தைத் தேடுங்கள். வெள்ளைப் பொருக்கு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. செல்போன் லைட்டும் ஒரு சின்ன முகக்கண்ணாடியும் போதும்.

பம்ப் உடம்பில் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். பலர் அதைத் தயாரிப்புக் கோளாறு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். நீங்கள் மோனோபிளாக் மோட்டார் பிரித்தவர், சொன்னால் புரியும். தண்ணீர் இருக்கும் அறைக்கும் பேரிங்குக்கும் நடுவில் மெக்கானிக்கல் சீல் உட்கார்ந்திருக்கிறது அல்லவா? அந்த சீல் தேய்ந்து கசியும் தண்ணீர் பேரிங்குக்குப் போய்விடாமல் வெளியே விழுவதற்குத்தான் இந்தத் துளை. லேசான கறை மட்டும் என்றால் கவலையில்லை, சொட்டினால் சீல் முடிந்தது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு பம்ப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது.

#4 மதகடி

அண்ணனும் அக்காவும் சொன்னபடி பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருக்கிறது, குமிழி இல்லை, ஃபேன் சுற்றுகிறது. துளைக்குக் கீழே சுண்ணாம்பு அடித்த மாதிரி கோடு. புல்லி ஆடுகிறது, சுற்றினால் கரகரவென்று அம்மியில் மிளகு அரைக்கும் சத்தம். பம்ப்தான்.

#5 குடமுருட்டி (திருவையாறு)

தம்பி, நான் 27 வருடம் அம்பாசடர் வைத்திருந்தவன். அதில் பம்ப் மாற்றுவது ஒரு முற்பகல் வேலை. ரேடியேட்டரைத் தூக்கி வெளியே வைத்தால் எஞ்சினுக்கு முன்னால் ஆள் உட்காரவே இடம் இருக்கும். ஃபேன் பம்ப் தண்டிலேயே பூட்டியிருக்கும். பெல்ட், ஃபேன், நாலைந்து போல்ட், கையில் பம்ப் வந்துவிடும். இப்போதைய வண்டிகளில் கையை விடுவதற்கே உடம்பை வளைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் பக்கம் வீட்டு வாசல் என்றால் வண்டல் மண். வெளியே காய்ந்து கல் மாதிரி தெரியும், ஜாக்கி வைத்துத் தூக்கினால் பொதுக்கென்று இறங்கும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். தூக்கிய பிறகு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லிவிட்டு உடையாது.

#6 மாயூரம் டீசல் (மயிலாடுதுறை)

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? என் டீசல் ஸ்விஃப்ட்டில் நானே மாற்றினேன். வெளிப் பெல்ட்டை எடுத்தேன், புல்லி, பம்ப், புது பம்ப், முடிந்தது. ஆல்டோ அதைவிடச் சின்ன எஞ்சின். தைரியமாக இறங்குங்கள்.

#7 பட்டறைக்காரன்

மாயூரம் அண்ணே, உங்கள் 1.3 டீசலில் டைமிங்குக்கு, அதாவது வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓடுவதற்கு, செயின். பம்ப் வெளியே தனியாக, பக்கத்துப் பெல்ட்டில் ஓடுகிறது. ஆல்டோவின் 796 சிசி எஞ்சினில் டைமிங்குக்கு ரப்பர் பெல்ட். பம்பைச் சுற்றுவது வெளிப் பெல்ட்தான், ஆனால் பம்பின் உடம்பு டைமிங் கவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட்டை எடுக்காமல் அதைக் கழற்ற முடியாது. டஸ்டர் டீசல் மாதிரி சில வண்டிகளில் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றுகிறது. அங்கே பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதும். "கார் பம்ப்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

மதகடி தம்பி, டைமிங் குறிகளைச் சரியாக வைக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் செய்யுங்கள். மேலே கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) புல்லியில் ஒரு குறி, அதற்கு நேராக எஞ்சினில் ஒரு வெட்டு. கீழே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) புல்லியில் ஒரு புள்ளி, ஆயில் பம்ப் உடம்பில் ஒரு அம்பு. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே கிராங்கைச் சுற்றி அந்த நிலைக்குக் கொண்டுவந்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எதையும் சுற்றக் கூடாது.

94,000 ஓடியிருக்கிறது, பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்த்து வாங்குங்கள். தண்ணீர் பட்ட பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள். கூலி இல்லாமல் உங்கள் கையாலேயே பிரிக்கிறீர்கள், மறுபடி ஆறு மாதத்தில் இதே இடத்தைப் பிரிக்க வேண்டாமே.

#8 மதகடி

நன்றி அண்ணே. பம்ப் ஆயிரத்துச் சொச்சம், பெல்ட், டென்ஷனர், வெளிப் பெல்ட் எல்லாம் வாங்கிவிட்டேன். கூலன்ட் வாங்கும்போதுதான் வீட்டில் சண்டை.

அப்பா கேட்கிறார்: "இதென்ன ஊட்டியா? நம்ம ஊர்ல தண்ணி உறையுமா? எதுக்கு இந்தப் பச்சைத் தண்ணி?" அவருடைய கட்சி இதுதான். எங்கள் பழைய 5 குதிரைசக்தி ஆயில் எஞ்சின் பாமணி ஆற்றுத் தண்ணீரை மட்டும் குடித்து இருபது வருடம் ஓடியது. பம்ப் இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் எஞ்சினுக்குள் போய் சூட்டோடு வாய்க்காலில் விழும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கு மட்டும் என்ன வந்தது என்கிறார். காருக்கும் நாங்கள் இதுவரை போர் தண்ணீர்தான் ஊற்றி வந்தோம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

#9 வேதை உப்பு (வேதாரண்யம்)

எங்கள் ஊரில் 1930-லேயே உப்பு அள்ளிவிட்டார்கள். அப்படியும் மிச்சம் எல்லார் ரேடியேட்டரிலும் இருக்கிறது.

நான் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்கிறவன், தினமும் மீட்டரைத் தண்ணீரில் முக்குவதுதான் வேலை. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அதாவது சட்டப்படி குடிக்கலாம் என்கிற தண்ணீரிலேயே லிட்டருக்கு 2 கிராம் வரை இருக்கலாம். குடித்தால் உடம்பு வெளியே தள்ளிவிடும், ரேடியேட்டர் எங்கே தள்ளும்? ஒழுகும் வண்டியில் தினமும் தண்ணீர் சேர்க்கும்போது இன்னும் மோசம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். உப்பளத்தில் பாத்தி கட்டுவதும் இதே கணக்குத்தான்.

கடலோரத் தண்ணீரில் வேறு ஒரு வம்பு. குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

#10 குடமுருட்டி

மதகடி தம்பி, உங்கள் அப்பா சொல்வது ஆயில் எஞ்சினுக்கு முழுக்கச் சரி. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். அந்த எஞ்சினில் தண்ணீர் ஒரு வழிப் பயணி. ஆற்றிலிருந்து குளிர்ச்சியாக ஏறி, கை பொறுக்கும் சூட்டில் இறங்கிப் போய்விடும். கொதிக்கவே நேரமில்லை, உப்பு படியவும் நேரமில்லை. எஞ்சினோ கெட்டி வார்ப்பிரும்பு. என் அம்பாசடரும் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். அதற்கும் தண்ணீர்தான் ஊற்றினேன். துரு பிடித்தது, ஆனால் தாங்கியது.

ஆல்டோவில் அதே நாலு லிட்டருக்குள்ளான தண்ணீர் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம், நடுவில் இரும்பு, ரப்பர், பிளாஸ்டிக். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் நின்றால் அது பேட்டரி. ஒன்று மற்றொன்றைத் தின்னும். கூலன்ட் வாங்குவது அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துக்காக. உறையாமல் இருப்பதெல்லாம் இமயமலைக்காரர்கள் கவலை.

கொதிநிலைக்கும் கொஞ்சம் உதவும். பாதிக்குப் பாதி கலந்தால் மூடி இல்லாமலே 107 டிகிரி பக்கம்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளும். அதனால்தான் சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது: திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரேயடியாகக் கொதிக்கிறது.

#11 மாயூரம் டீசல்

சரி, அப்படியானால் கூலன்ட்டை நீர் கலக்காமல் முழுசாக ஊற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே?

#12 பட்டறைக்காரன்

இல்லை. சூட்டை அள்ளிக்கொண்டு போவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். முழுக்கக் கூலன்ட் ஊற்றினால் வண்டி இன்னும் சூடாகும். பாதிக்கு மேல் போக வேண்டாம். டப்பாவில் ஏற்கெனவே கலந்ததா, கலக்க வேண்டியதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். கலந்த டப்பாவில் மறுபடி தண்ணீர் விட்டுவிட்டு "கம்பெனி சரியில்லை" என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

#13 மதகடி

கலப்பதற்கு எந்தத் தண்ணீர்? அப்பா இப்போது மழைத் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறார். மாமா ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சொல்கிறார்.

#14 வேதை உப்பு

பேட்டரித் தண்ணீர் வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு லிட்டர், அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? மழைத் தண்ணீர் நேராக வானத்திலிருந்து பாத்திரத்தில் விழுந்தால் நல்ல தண்ணீர்தான், ஆனால் யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. மாடியில் விழுந்து சிமென்ட் தொட்டியில் தேங்கினால் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஏசித் தண்ணீரில் உப்பு குறைவு, தூசியும் செம்புக் குழாய் அழுக்கும் அதிகம். வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

#15 அரசலாற்றங்கரை

தெர்மோஸ்டாட் வாங்கினீர்களா? பட்டியலில் காணோம்.

#16 மதகடி

இல்லை அக்கா. அது நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு வீண் செலவு? ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்குகிறேன்.

#17 அரசலாற்றங்கரை

இவ்வளவு உப்புத் தண்ணீர் ஓடிய வண்டியில் அது நன்றாக இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்தது? சரி, உங்கள் வண்டி.

இன்னொரு விஷயம். பழைய கூலன்ட் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். அதில் இருப்பது விஷம், ஆனால் தித்திக்கும். நாய், கன்றுக்குட்டி, வாத்து எது வேண்டுமானாலும் வாயை வைக்கும். குடித்தால் சிறுநீரகம் போய்விடும். பேசினில் பிடித்து மூடி போட்ட கேனில் ஊற்றி வையுங்கள்.

#18 மதகடி

முடிந்தது, ஆனால் முடியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவே வண்டியை நிறுத்திவிட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு பேட்டரியின் நெகட்டிவ் கழற்றினேன். பலகை, ஜாக்கி, ஸ்டாண்டு. பெல்ட் பக்கத்து முன் சக்கரத்தையும் உள்மறைப்பையும் எடுத்தபோது கிராங்க் புல்லி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ரேடியேட்டர் அடியில் திருகைத் திறந்தேன். வந்தது தண்ணீர் என்று சொல்ல முடியாது, கோடையில் குளம் வற்றும்போது கடைசியில் நிற்குமே, அந்த நிறம்.

ஏசி பெல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட், பம்ப் புல்லி, கிராங்க் புல்லி, டைமிங் கவர். இதுவரை எட்டரை மணி. புல்லி போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி கூடவே சுற்றுகிறது, போல்ட் சுற்றவில்லை. பழைய பெல்ட்டை அதன்மேல் சுற்றி முறுக்கிப் பிடித்துக்கொள்ள அப்பாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் வந்தவர் போகவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குறிகளை நேராக வைத்து, போட்டோ எடுத்து, அம்மாவின் நெயில் பாலிஷால் (தங்கையுடையது என்கிறார்) பல்லிலும் புல்லியிலும் புள்ளி வைத்தேன். டென்ஷனரைத் தளர்த்தி, ஸ்பிரிங் எந்தத் துளையில் எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்று இன்னொரு போட்டோ. பெல்ட் வந்தது.

பம்பின் போல்ட்டுகள் எல்லாம் 10 நம்பர் ஸ்பேனர்தான், ஆனால் நீளம் ஒன்றுபோல இல்லை. ஒரு அட்டையில் பம்ப் வடிவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தேன். இந்த யோசனை அப்பாவுடையது, ஆயில் எஞ்சின் ஹெட்டை அவர் அப்படித்தான் பிரிப்பாராம். ஒரு போல்ட் மட்டும் வர மறுத்தது. பலம் போட்டிருந்தால் தலை முறிந்திருக்கும். துரு எண்ணெய் அடித்துவிட்டு, உள்ளே போய் பழைய சோறு சாப்பிட்டு வந்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி, பிறகு தளர்த்தினேன். கிர்ரென்று வந்தது.

பம்ப் கையில் வந்ததும் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தகட்டு இம்பெல்லரின் இறக்கைகள் ஓரம் முழுக்க அரித்து, எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. இரண்டு இறக்கை பாதிதான் மிச்சம். அப்பா அதை வாங்கி விரலால் தடவிவிட்டு, "இது தண்ணியைத் தள்ளலைடா, கலக்கிட்டு இருந்திருக்கு" என்றார். ஒழுகல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நோய் ரொம்ப நாள்.

பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை. உளி எடுத்தேன், அப்பா பிடுங்கிக்கொண்டார். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகவே ஒழுகும். மூங்கில் பட்டையைச் சீவி, தின்னர் தொட்டு ஊற வைத்துச் சுரண்டியதில் ஒரு மணி நேரம் போயிற்று. மொத்த வேலையிலும் எரிச்சலானது இதுதான். புது கேஸ்கெட், பேஸ்ட் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். போல்ட்டுகளை எதிர் எதிராக, மூன்று சுற்றில் இறுக்கினேன். டார்க் ரெஞ்ச் இல்லை. பக்கத்து ஊர் டூவீலர் கடைத் தம்பியிடம் இரவல் வாங்கி 10 நியூட்டன் மீட்டர் வைத்தேன். நம் கைக்கு அது இறுக்கமாகவே தெரியவில்லை. போர் மோட்டார் பழக்கத்தில் இறுக்கியிருந்தால் மரையைப் பிடுங்கியிருப்பேன்.

புது பெல்ட், புது டென்ஷனர். குறிகள் நேர். கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று வலப்பக்கமாகச் சுற்றி, மறுபடி குறி நேராக வந்த பிறகே டென்ஷனரை இறுக்கினேன். மாலை நாலு மணிக்குக் கவர் மூடி, வெளிப் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்குகிற மாதிரி வைத்தேன். பிளாக்கில் தங்கியிருந்த சேறு போக மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசினேன், கடைசி முறை பேட்டரித் தண்ணீர். கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கை மதகு ஏற்றத்தில் நிறுத்தி ஓடவிட்டேன். முதல் சாவியில் ஸ்டார்ட். சொட்டு ஒழுகல் இல்லை.

ஆனால் பத்து நிமிடத்தில் முள் மறுபடி மேலே ஏறியது. அணைத்துவிட்டேன். என்ன தப்பு செய்தேன்?

#19 மாயூரம் டீசல்

டைமிங் ஒரு பல் மாறியிருக்கும்.

#20 பட்டறைக்காரன்

ஒரு பல் மாறியிருந்தால் ஐடிலிலேயே குலுங்கும், இழுவை இருக்காது. முதல் சாவியில் எடுத்து ஒழுங்காக ஓடியிருக்கிறது, அதை விடுங்கள். முள் ஏறியபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டீர்களா?

#21 மதகடி

தொட்டேன். எஞ்சின் பக்கம் சுட்டது. ரேடியேட்டர் பக்கம் வெதுவெதுப்புக்கூட இல்லை. ஃபேனும் ஓடவில்லை.

#22 பட்டறைக்காரன்

காற்று அடைத்திருந்தாலும் அப்படி வரும், தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும் வரும். மூக்கைத் தூக்கி, மூடி திறந்து, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்தும் இப்படி என்றால் இரண்டாவதுதான். அரசலாறு மேடம் இதை 15-ஆம் பதிவிலேயே கேட்டார்கள்.

#23 அரசலாற்றங்கரை

நான் ஒன்றும் சொல்லவில்லை.

#24 மதகடி

சொல்லிவிடுங்கள் அக்கா, வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று ஊற்றிய புதுக் கூலன்ட்டைச் சுத்தமான பேசினில் பாதிவரை இறக்கி எடுத்து வைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். வால்வைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. அதன்மேல் 82 என்று பொறித்திருக்கிறது, அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். அடுப்பில் பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் பொய்க் கணக்கு காட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் அது அசையவில்லை. புதியது வாங்கி அதே சட்டியில் போட்டேன். கொதி வருவதற்கு முன்பே கண் திறக்கிற மாதிரி மெல்லத் திறந்தது. அம்மா அந்தச் சட்டியை எங்களுக்கே கொடுத்துவிட்டார், இனிமேல் அடுக்களைக்குள் வரக் கூடாதாம்.

புது தெர்மோஸ்டாட்டை அதன் காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கும்படி வைத்துப் பூட்டி, எடுத்த கூலன்ட்டை வடிகட்டி ஊற்றினேன். ஓடவிட்டேன். முள் பாதிக்குக் கீழே நின்றது. மேல் ஹோஸ் திடீரென்று சூடானது, கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றி நின்றது. ரேடியேட்டர் மட்டம் இறங்கியது, நிரப்பினேன், மூடினேன்.

#25 குடமுருட்டி

சபாஷ். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். நீங்கள் அதைச் செய்யாதது நல்லது. எஞ்சின் எப்போதும் ஆறியே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

ஒரு வாரம் தினமும் காலையில் மட்டம் பாருங்கள். பெல்ட்டையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், புதுப் பெல்ட் கொஞ்சம் தளரும். அதற்காக வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்துவிடாதீர்கள், புது பம்பின் பேரிங் அதிலேயே போகும்.

#26 வேதை உப்பு

உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று பார்த்தீர்களா?

#27 மதகடி

பக்கத்து வீட்டு ஆர்ஓ தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தார். 1,140. அதே தண்ணீரைத்தான் டீக்கும் வைக்கிறோம் என்று அம்மா இப்போது புதிதாக ஒரு கவலையில் இருக்கிறார்.

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மட்டம் இறங்கவில்லை. நேற்று தஞ்சாவூர் போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் கேட் வழக்கம்போல மூடித்தான் இருந்தது. ஏசி போட்டபடியே 20 நிமிடம் நிற்கவிட்டுப் பார்த்தேன், பெட்ரோல் வீண்தான், ஆனாலும் பார்க்க வேண்டும் போலிருந்தது. முள் அசையவில்லை. பழைய பம்ப் எங்கள் திண்ணையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா எடுத்துக் காட்டுகிறார், "போர் தண்ணி ஊத்தாதீங்க" என்று அவரே சொல்கிறார், ஏதோ நான்தான் ஊற்றச் சொன்ன மாதிரி.

#28 மாயூரம் டீசல்

அந்த அழுக்குத் தண்ணீர் கேன் என்ன ஆயிற்று?

#29 மதகடி

டவுனில் ஒரு பட்டறையில் கழிவு எண்ணெயோடு தனியாக வாங்கிக்கொள்கிறார்கள், கொடுத்துவிட்டேன். டார்க் ரெஞ்சையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாளைக்கு உழவு.